ஓய்வுக்காலச் சேமிப்பும் உள்ளத்தின் அச்சமும்



மைசூர் மண்டி மொஹல்லா, வணிகர்கள் வாழும் பழைய பகுதி. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் நான் அங்கே குடியிருக்கிறேன். ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி அங்கு நான் கற்ற பாடமொன்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

2004 ஜனவரி முதல் நாளுக்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்குச் சம்பளத்தை ஒட்டிய ஓய்வூதியம் உறுதியாக இருந்தது. பின்னர் வந்தோர்க்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம் ஏற்பட்டது. படைவீரர் மட்டும் இதற்கு விலக்கு. 2025-இல் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை ஏற்காதவர்களுக்கு இன்றும் அதுவே நடைமுறை. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்கு 10 நாம் செலுத்துகிறோம். அரசு 14 செலுத்துகிறது.

அப்பணத்தை எதில் இடுவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை 2019 ஏப்ரலில் கிடைத்தது. முழுவதையும் அரசுக் கடன் பத்திரங்களில் இடலாம். அல்லது, 35 வயது வரை பாதியைப் பங்குகளில் வைத்து, ஆண்டுதோறும் அப்பங்கு தானே குறைந்து, 55 வயதில் நூற்றுக்கு 10 ஆகும் வழியைக் கொள்ளலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண் ஒரே நாளில் நூற்றுக்கு 13 வீழ்ந்து, 26,000-க்கும் கீழே இறங்கியது. அப்போது எனக்கு வயது 40. ஓய்வு பெற இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன. ஆயினும் உறக்கம் வரவில்லை. சில நாட்களில் தொகை முழுவதையும் கடன் பத்திரங்களுக்கு மாற்றிவிட்டேன். நவம்பரில் அக்குறியீட்டெண் 42,000-ஐக் கடந்து புதிய உச்சத்தை எட்டியது. அந்த ஏற்றத்தில் எனக்குப் பங்கில்லை.

எங்கள் தெருவில், மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, நாளைக்கே சரக்கை விற்றாக வேண்டியவன் இன்றைய விலைக்கு அஞ்சலாம். உமக்கு எப்போது விற்க வேண்டும்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியை நான் மார்ச் மாதத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. ஓய்வை நெருங்கியவருக்குக் கடன் பத்திரமே தக்கது. வயதுக்கேற்பக் குறையும் வழியும் அதற்காகவே அமைந்தது. ஆனால் பணம் தேவைப்படும் நாள் தொலைவில் இருக்க, அச்சத்தால் மாற்றுவது தற்காலிக வீழ்ச்சியை நிலையான நஷ்டமாக்குவதாகும்.

மறு ஆண்டு நான் பழைய வழிக்கே திரும்பினேன். தவறவிட்ட லாபம் திரும்பவில்லை. சொந்த ஊரை விட்டு வந்து பொருளீட்டும் நமக்கு முதுமையில் துணை, நம் சேமிப்பே. அதைத் தொடுமுன் பெரியவரின் கேள்வியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.