பால் கை மாறும் இடம்



பேட்டை வழியாகத் தென்காசி சாலையில் விடிகாலையில் திருநெல்வேலியை நோக்கி வரும் பால் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப் பால் ஏற்றுகிற வண்டிகளில் பல, மாடு வளர்ப்பவருக்கும் சொந்தமில்லை, பால் நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. வாடகை பேசி, ஒப்பந்தம் போட்டு ஓடுகிறவை. கறந்தவர் கையை விட்டுப் பால் பண்ணைக்குப் போய்ச் சேரும் வரை, சில மணி நேரம் பால் மூன்றாவது ஆளின் பொறுப்பில் இருக்கிறது. வழக்குகள் பிறப்பது அந்தச் சில மணி நேரத்தில்தான்.

2014 ஆகஸ்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் போன ஆவின் டேங்கர் லாரியை வழியில் நிறுத்திப் பாலை எடுத்துவிட்டுத் தண்ணீர் கலந்ததாக, திண்டிவனம் அருகே வெள்ளிமேடுபேட்டை போலீசார் வழக்குப் போட்டார்கள். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. லாரி ஒப்பந்ததாரரே கைதானார். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஏற்றிய லிட்டரும் இறக்கிய லிட்டரும் ஒன்றாகவே இருக்கும். குறைவது கொழுப்பும் இதரச் சத்தும். அதனால் லிட்டரை மட்டும் எழுதி வைக்கிற ஒப்பந்தம் யாரையும் காப்பாற்றாது.

திருட்டே இல்லாவிட்டாலும் பால் கெடும். கறந்த சூட்டில் இருக்கிற பாலைச் சீக்கிரமே 4 டிகிரி அளவுக்குக் குளிரவைக்க வேண்டும். சித்திரை வெயிலில் கேன் வண்டி வழியில் பழுதாகி இரண்டு மணி நேரம் நின்றால், பால் புளித்துத் திரிந்துவிடலாம். “வண்டி தாமதம்” என்பார் பால் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர். “ஏற்றும்போதே பால் சரியில்லை” என்பார் வண்டிக்காரர். இருவர் சொல்வதில் எது உண்மை என்று நீதிமன்றம் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஏற்றிய நேரம், பாலின் வெப்பநிலை, கொழுப்பு அளவு, சீல் எண், இரு தரப்பும் கையெழுத்திட்டு எடுத்து வைத்த மாதிரி, இவைதான் சாட்சி.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனத்தோடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. வண்டிக்காரருக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. தாமதத்துக்கு இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், 74ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். ஒரு நாள் தாமதமானது என்று மாத வாடகை முழுவதையும் பிடித்து வைப்பது முறையல்ல.

டீசல் விலை ஏறினால் என்ன செய்வது? இதற்கு நெய் விஷயத்தில் ஒரு பழைய தீர்ப்பு உண்டு. ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து தர அலோபி பர்ஷாத் நிறுவனம் 1937இல் அரசோடு ஒப்பந்தம் செய்தது. பிறகு உலகப் போர் வந்து நிலைமை தலைகீழானது. எழுதிய விகிதத்துக்கு மேல் தொகை கேட்டது அந்த நிறுவனம். வழக்கு 1960இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எதிர்பாராமல் விலை ஏறியது, கட்டுப்படியாகவில்லை என்பதற்காக மட்டும் எழுதிய விகிதத்தை ஒதுக்கிவிட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. போருக்கே அந்தக் கதி என்றால், டீசலுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? ஆகவே, விலை ஏறினால் வாடகையும் எந்தக் கணக்கில் ஏறும் என்பதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே எழுதிவிடுங்கள்.

சங்கச் செயலாளர்களே, வண்டி உரிமையாளர்களே, உங்கள் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தின் நகல் இரு தரப்பிடமும் இருக்கட்டும். பால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் கை மாறுகிறது, அதன்பின் கெட்டால் யார் பொறுப்பு என்பது தமிழில் எழுதியிருக்கட்டும். ஒவ்வொரு நடைக்கும் டிரிப் ஷீட்டில் இருவர் கையெழுத்தும் விழட்டும். பெரிய நிறுவனம் ஒரு டேங்கர் நஷ்டத்தைத் தாங்கும். இரண்டு மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தாயார், ஒரு வாரப் பால் பணம் நின்றாலே தடுமாறிப்போவார். அவர் பணம் நிற்காமலிருக்க, கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்.