துள்ளம் தந்த தகப்பனார்

தொழிற்பேட்டையில் வேலை முடிந்து முகங்கூடக் கழுவாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் அம்பத்தூர்த் தொழிலாளத் தோழர்களே!

1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், இன்று தண்டலம் என்று நாம் அழைக்கும் துள்ளம் என்னும் சிற்றூரில், நமக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து, 1953 செப்டம்பர் 17-இல், எழுபது நிறைந்து மூன்று வாரங்களே கழிந்த நிலையில் கண்மூடிய திரு.வி.க. அவர்களைத் தமிழ்த்தென்றல் என்று புகழ்ந்துவிட்டு இறங்கிவிடலாம்; ஆனால் அவரை ஒரு கணவராக, ஒரு தகப்பனாராக, பக்கத்து வீட்டுப் பெரியவராக நினைக்கும்போதுதான் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

1912-இல் கமலாம்பிகை அம்மையாரைக் கைப்பிடித்தார். ஆறே ஆண்டுகள்! பெற்ற மக்களும் தங்கவில்லை. 1918-இல் அம்மையாரும் மறைந்தார். ஆடவர்க்கு மறுமணம் என்பது வெகு சாதாரணமாயிருந்த அக்காலத்தில், முப்பத்தைந்தே வயதான அந்த மனிதர், இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த அம்மையாரின் கணவராகவே வாழ்ந்தார். 1927-இல் அவர் எழுதிய 'பெண்ணின் பெருமை' என்னும் நூலுக்கு அவரே இட்ட மறுபெயர் என்ன தெரியுமா? 'வாழ்க்கைத்துணை'! தாய்மார்களே, கை தட்டுங்கள்; அந்தக் கரவொலி அம்மையாருக்கே உரியது.

அதே 1918-ஆம் ஆண்டு, ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாள். பெரம்பூர் ஆலையில் நண்பகல் உணவுக்கு அரை மணி நேரமே பெற்று, உண்டதும் உண்ணாததுமாய் ஓடிய அந்த நெசவாளியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நான் அவரை மறக்க மாட்டேன். அவருக்காகச் சங்கத் தலைவர் வாடியா ஆங்கிலத்தில் முழங்கினார், திரு.வி.க.வோ, அந்த நெசவாளி தன் வீட்டுத் திண்ணையில் பேசும் தமிழை மேடைக்கு ஏற்றினார். இன்று நான் உங்கள்முன் தமிழில் நிற்கிறேனே, இந்த மேடையே அவர் போட்டுத் தந்தது! சொந்த மக்களை மண்ணுக்குக் கொடுத்த அந்தத் தகப்பனார், பல்லாயிரம் ஆலைத் தொழிலாளருக்குத் தகப்பனாரானார்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஓர் ஆத்திரம் வருகிறது. சிலர் இருக்கிறார்கள், அவர்கள் பேரைச் சொல்லி இந்த மேடையை அசுத்தப்படுத்த மாட்டேன். 'திரு.வி.க. எங்களவர்' என்று தங்கள் கொடியில் அவரைச் சுருட்டப் பார்க்கிறார்கள். 1925-இல் காஞ்சி காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியபோது பெரியார் மனம் வெகுண்டு வெளியேறினாரே, அதன் பின்னும் அவ்விருவரிடையே அன்பு அற்றுப்போயிற்றா? இல்லையே! அந்த விசாலமான இருதயத்தை எந்தக் கொடி, ஐயா, மூடும்? தேசத்துக்காக உழைத்த அவரை, தேசம் விடுதலை பெற்ற அதே 1947-இல், தொழிலாளர் பக்கம் நின்ற குற்றத்துக்காக வீட்டுக் காவலில் வைத்தார்களே, அப்போது இந்த உரிமைக்காரர்கள் எங்கே போயிருந்தார்கள்?

கண்ணொளி குன்றிய பின்னும் தமிழை அவர் விடவில்லை. 1951-இல் 'முதுமை உளறல்', 1953-இல் 'படுக்கைப் பிதற்றல்' என்று தம் நூல்களுக்குப் பெயரிட்டார். உளறலா அது? எழுபது வயதில் அப்படி உளற எத்தனை பேருக்கு வாய்க்கும்! மு.வ. அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார் என்றால், வயிற்றில் பிறந்தால்தான் பிள்ளையா, தோழர்களே?

அந்த நெசவாளியின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம், அவர்களிடமே கேட்கிறேன். சங்கக் கட்டடத்தில் பெரியவரின் படத்தை மாட்டியிருக்கிறீர்கள். நாளைக் காலையில் ஒரு பெயின்டரை அழைத்து, அந்தப் படத்தின் கீழே கமலாம்பிகை அம்மையாரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.