நேர்சிங் ஹோமில் கொடுமை நடந்தால் யாரிடம் போவது?

(எமது தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு உங்கட அகதி வழக்கைப் பற்றிக் கதைக்கப் போவதில்லை. உங்களுக்கு முன்னமே இங்கிலாந்துக்கு வந்து, இப்போது நேர்சிங் ஹோமில் படுத்திருக்கிற பெரியம்மாவையோ மாமாவையோ பற்றித்தான் கதைக்கப் போகிறோம். அவர்களின் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே பகலில் போய்ப் பார்க்கிறது நீங்கள்தான். மறதி நோய் வந்தவர்களுக்குப் பிறகு படித்த ஆங்கிலம் முதலில் போய்விடுவது உண்டு. "தண்ணி கேட்டாலும் தருகினமில்லை" என்று தமிழில் சொன்னால் அந்தக் கட்டிடத்தில் விளங்குகிற ஆளும் நீங்கள் ஒருவர்தான்.

"நான் வாய் திறந்தால் என்ர கேஸ் பழுதாகிப் போகாதோ?" என்று யோசிப்பீர்கள். ஒரு முதியவருக்கு நடந்த கொடுமையை முறையிடுவது அகதிக் கோரிக்கையை மறுக்கிறதுக்கு ஒரு காரணம் அல்ல. சாட்சி சொல்ல விசா தேவையில்லை. ஆனால் எந்த விண்ணப்பமும் போடாமல் இருக்கிறவரும், அனுமதி இல்லாமல் அந்த ஹோமிலேயே வேலை செய்கிறவரும் முதலில் தங்கட குடிவரவுச் சட்டத்தரணியோடு கதையுங்கள். பொலிசுக்குப் போகிற விபரம் ஹோம் ஒபிசுக்கும் போகக்கூடும். பெயர் சொல்லாமலும் கவுன்சிலுக்கு அறிவிக்கலாம்.

லோயரைத் தேட முன்னம் ஆளைக் காப்பாற்ற வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 999. இல்லாவிட்டால் அந்தப் பகுதிக் கவுன்சிலுக்கு ரெலிபோன் எடுத்து, "அடல்ற் சேவ்கார்டிங்" என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, இப்படியான முறைப்பாட்டை விசாரிப்பது கவுன்சிலின் கடமை. ஹோமுக்குக் காசு கட்டுவது யாராக இருந்தாலும் சரி. சி.கியூ.சி. என்கிற கண்காணிப்பு அமைப்புக்கும் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் ஹோமைப் பரிசோதிப்பவர்கள். உங்கட பெரியம்மாவுக்கு நட்டஈடு வாங்கித் தரமாட்டார்கள்.

அதோடு ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, நேரம், யார் வேலையில் நின்றது, அவர் தமிழில் சொன்ன அதே வார்த்தை. அழகாக்க வேண்டாம், மொழிபெயர்க்கவும் வேண்டாம். கண்டிப்போன இடம், படுக்கைப் புண் என்பவற்றை அவரின் சம்மதத்தோடு படம் எடுங்கள். ஹோம் எழுதி வைக்கிற பராமரிப்புக் குறிப்பு, மருந்து அட்டவணை இவற்றின் பிரதியை அவரே எழுத்தில் கேட்கலாம், அல்லது சட்டப்படி அவருக்காகச் செயற்படுகிறவர் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள், காசில்லாமல் தரவேண்டும். இந்தக் கடதாசிகளைச் சின்ன விசயமாக நினைக்காதீர்கள். வெஸ்ட் சசெக்ஸில் ஓர்கிட் வியூ என்ற ஹோமில் நடந்த 19 மரணங்கள் பற்றிய விசாரணை 2013இல் முடிந்தது. ஐந்து மரணங்களுக்குப் புறக்கணிப்பும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். அந்த ஹோமின் விசயம் பொலிசுக்குப் போனது அங்கே வேலை செய்த ஒரு பெண் வாய் திறந்ததால்தான்.

இனி லோயர். உங்கட அகதி வழக்கைப் பார்க்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதுக்கு அவர் ஆள் அல்ல. பல்லு வலிக்குக் கண் டொக்டரிடம் போவோமா? லோ சொசைற்றியின் இணையத்தளத்தில் சொலிசிற்றரைத் தேடலாம். உடற்காயம், மருத்துவக் கவனயீனம் ஆகிய பிரிவுகளில் பாருங்கள். தமிழ் கதைக்கிற லோயர் என்றால் மனதுக்கு ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் வீடு வாங்கி விற்கிற வேலை செய்கிற தமிழரைவிட, கெயார் ஹோம் வழக்கு நடத்தின ஒருவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் மேல். "இப்படி எத்தனை வழக்குச் செய்திருக்கிறீர்கள்? என்ர கேசை நீங்களே பார்ப்பீர்களோ, உதவியாளரோ?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

காசு விசயம். 2013 ஏப்ரலில் காய வழக்குகளுக்கான லீகல் எய்ட் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. ஆனால் பலவீனமான ஒரு பெரியவருக்கு நடந்த கொடுமை தொடர்பாக இன்னும் அது கிடைக்கலாம். எல்லா லோயரும் இதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்கவேண்டும். பார்ப்பது முதியவரின் வருமானத்தையும் சேமிப்பையும்தான், உங்களுடையதை அல்ல. மற்றது "வென்றால்தான் காசு" என்கிற ஒப்பந்தம். அதில் லோயர் எடுக்கிற வெற்றிக் கட்டணம், வேதனைக்கும் இதுவரை ஏற்பட்ட நட்டத்துக்கும் கிடைக்கிற தொகையில் 25 வீதத்தைத் தாண்டக்கூடாது. வருங்காலப் பராமரிப்புக்கான பணத்தில் கைவைக்க முடியாது. காப்புறுதிக் காசு யார் கட்டுவது, இடையில் விட்டால் என்ன கட்டவேண்டும் என்பதையும் கையெழுத்துக்கு முன்னம் கேளுங்கள். தானாக ரெலிபோன் எடுத்து "கேஸ் செய்து தாறன்" என்பவரை நம்பவேண்டாம். காய வழக்கைப் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குவது 2013 முதல் தடை.

வழக்குப் போடுவது முதியவரின் உரிமை. அவருக்கு முடிவெடுக்கிற நிலை இல்லாவிட்டால் பிள்ளையோ வேறொருவரோ அவருக்காக நிற்கலாம். நீங்கள் சாட்சி. சில பிள்ளைகள் "வேண்டாம், அம்மாவை எழுப்பிப் போடுவாங்கள்" என்று தடுப்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கவுன்சிலை முதலில் சொன்னேன்.

வழமையாக வழக்குக்கு 3 வருடம். மனநிலை இல்லாதவருக்குப் பொதுவாக அந்தக் கணக்கு ஓடாது. மனித உரிமைச் சட்டத்தின் கீழ் என்றால் 1 வருடம்தான். லோயர் கிடைக்காவிட்டால், முதலில் ஹோமுக்கு முறையிட்டுவிட்டு, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். அதுக்குப் பொதுவாக 12 மாதம்.

முதல் அப்பொயின்ற்மென்றுக்குக் கொப்பியையும் படங்களையும் கொண்டு போங்கள். மொழிபெயர்க்க ஹோம் ஊழியரையோ பேரப்பிள்ளையையோ கூட்டிப் போகவேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.