காற்றைத் தாங்கும் குழாய்



தோட்டத்தை விட்டு அட்டன், நுவரெலியா நகரங்களின் டயர்க் கடைகளில் வேலைக்குச் செல்லும் நம் தம்பிமார் பலர். அவர்கள் நாள்தோறும் பிடிக்கும் காற்றுக் குழாயைப் பற்றியே இன்று சில வார்த்தை சொல்ல வந்தேன்.

காற்றுதானே என்று எண்ணாதீர்கள். நீர்க் குழாய் வெடித்தால் நீர் சிந்தி அடங்கும். அடைபட்ட காற்றோ சட்டென விரிந்து, கழன்ற குழாயைச் சாட்டையாய்ச் சுழற்றும். கண் போனால் மீளுமா?

ஆகவே, விலையையும் மினுக்கத்தையும் பாராது, குழாயின்மேல் அச்சிட்ட வேலை அமுக்கத்தைப் பாருங்கள். இயந்திரத்தின் உச்ச அமுக்கம் 8 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 116 இறாத்தல் என்றால், 10 பார் குழாயை வாங்குங்கள். காற்றுக்கான இறப்பர்க் குழாய் பற்றிய சர்வதேச 2398ஆம் இலக்க நியமப்படி, அது 40 பாருக்குக் குறைந்து வெடித்தலாகாது. அந்த நான்கு மடங்கு, தேய்மானத்துக்கும் அதிர்ச்சிக்கும் விட்ட காப்பு, நாம் செலவழிப்பதற்கன்று.

தோட்டத்து நீர்க் குழாயைக் காற்றுக்கு மாட்டாதீர்கள். வீங்கிய குழாயைக் கம்பியால் கட்டாதீர்கள், மாற்றுங்கள். காற்றை வெளியேற்றிய பின்னரே கழற்றுங்கள்.

பெரியோர்களே, முதலாளியிடம் புதுக் குழாய் கேட்கத் தம்பி தயங்குவான். அவனுக்காக நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்கள்.