மதில் காத்த ஊர்



நான் ஆசிரியனாக இருந்தபோது, மக்கட்தொகைப் பட்டியல்களை மனப்பாடம் செய்யுமாறு மாணவரை வற்புறுத்தியதுண்டு. எண்களின் பின்னே மனிதர் நிற்கின்றனர் என்று அன்று சொல்லாதது என் பிழையே. அதனை எனக்கு உணர்த்தியது ருமேனிய நாட்டின் பியர்த்தான் ஊராட்சியின் வரலாறு.

டிரான்சில்வேனியப் பகுதியில் மூன்று சிற்றூர்கள் சேர்ந்தமைந்தது அவ்வூராட்சி. 12-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேசா தம் எல்லையைக் காக்க ஜெர்மானியரை வரவழைத்தார். சாக்சன்கள் எனப்பட்ட அக்குடிகளின் வழியினர் இங்குத் திராட்சை பயிரிட்டு வாழ்ந்தனர். பகைவர்க்கு அஞ்சிக் குன்றின்மேல் தேவாலயம் எழுப்பி, மூன்று சுற்று மதில் அமைத்தனர். அங்குள்ள 1515-ஆம் ஆண்டுக் கதவின் பூட்டு, ஒரே சாவியால் பல தாழ்களை இயக்கவல்லது. 1572 முதல் 1867 வரை லுத்தரன் பிஷப்பின் இருப்பிடமும் அதுவே.

பகைவரைத் தடுத்த மதில், மக்கள் வெளியேறுவதைத் தடுக்கவில்லை. 1945-இல் ருமேனியாவின் ஜெர்மானியருள் ஏறத்தாழ 70,000 பேர் கட்டாய உழைப்புக்காகச் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர், மேற்கு ஜெர்மனியிடம் பணம் பெற்றுக்கொண்டு பலரை வெளியேற அரசு இசைந்தது. 1989-இல் ஆட்சி மாறியதும் எஞ்சியோரிற் பெரும்பாலோர் புறப்பட்டனர். ருமேனியா முழுவதிலும் 1977-இல் 3,59,109 ஆக இருந்த ஜெர்மானியர் 2011-இல் 36,042 ஆயினர். பத்தில் ஒருவரே எஞ்சினர்!

1993-இல் பியர்த்தான் உலக மரபுச் சின்னமாயிற்று. கல் நிலைத்தது, கட்டியவர் வழியினர் அகன்றனர். ஆயினும் ஊர் பாழாகவில்லை. ருமேனியரும் ரோமா மக்களும் அங்கு வாழ்கின்றனர்.

இனி ஓர் எண் குறையக் கண்டால், அவர்கள் எங்கே சென்றனர், ஏன் சென்றனர் என்று வினவுங்கள். வரலாறு அவ்வினாவில் தொடங்குகிறது.