தூக்கமும் நினைவாற்றலும்

(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் செய்த ஒரு பிழையை ஒப்புக்கொண்டே இவ்வுரையைத் தொடங்குகிறோம். முதல்நாள் மாலை தடையின்றி ஓதிய மாணவன் ஒருவன், மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் ஒரு ஆயத்தைக்கூட நினைவுகூர இயலாமல் நின்றான். கடிந்துகொண்டோம். பல நாட்கள் சென்றபின்தான் விசாரித்தோம். கேரட் அறுவடைக்காகத் தந்தை நள்ளிரவிலேயே புறப்படுகிறார். ஒற்றை அறை வீடு. விளக்கு எரிந்தால் பிள்ளையும் விழித்துவிடுகிறான், பிறகு உறங்குவதில்லை. குறை பிள்ளையிடம் இல்லை, விசாரிக்காமல் கடிந்த நம்மிடமே இருந்தது.

பகலில் நாம் கற்பவற்றை மூளையின் உட்புறத்திலுள்ள 'ஹிப்போகாம்பஸ்' என்னும் சிறு பகுதி முதலில் ஏற்றுக்கொள்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் அவை மீண்டும் மீண்டும் ஓட்டப்பட்டு, மூளையின் மேற்புறணியில் நிலையாகப் பதிகின்றன என்று மருத்துவ அறிஞர்கள் விளக்குகின்றனர். நாம் ஸபக்கைத் திரும்பத் திரும்ப ஓதுவது போன்றதே இது. அந்த உறக்கம் குலைந்தால் மாலையில் ஓதியது காலையில் தங்காது. உறங்காத மூளைக்குப் புதிய பாடத்தை ஏற்பதும் கடினம்.

1963 டிசம்பர் இறுதி முதல் 1964 ஜனவரி வரை அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் பதினொரு நாட்கள் உறங்காதிருந்தார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது 65இல் நின்றுவிட்டார். காரணம் கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துவிட்டது என்றார். இதை நாம் வியப்பாகக் கருதவில்லை. 2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். தொடர்ந்து விழித்திருந்த அந்நாட்களில், எத்தனை ரக்அத் தொழுதோம் என்ற ஐயத்தில் நாமே ஸஜ்தா ஸஹ்வு செய்ய நேர்ந்தது.

தொழுகையில் தூக்கம் மேலிட்டால் அது நீங்கும்வரை உறங்கிக்கொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பாவமன்னிப்புத் தேடுவதாக எண்ணித் தன்னையே ஏசிவிடக்கூடும் என்பதைக் காரணமாகவும் கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக இது பதிவாகியுள்ளது. வணக்கத்திலேயே இந்நிலை என்றால், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவரின் நிலை என்ன?

இரவெல்லாம் உழைப்போரிடம் "நன்றாகத் தூங்குங்கள்" என்று கூறிச் செல்வது எளிது. சென்னையில் குறைந்த வருமானமுடைய 452 பேரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் சராசரியாக ஐந்தரை மணி நேரமே உறங்கினர். வெப்பமும் இரைச்சலும் கொசுவும் அவர்களை அடிக்கடி எழுப்பின. இரவுத் தூக்கத்தை ஏறத்தாழ அரை மணி நேரம் கூட்டியும் வேலைத்திறனில் பயன் தென்படவில்லை. ஆனால் வேலையிடத்தில் பகலில் சிறிது நேரம் உறங்க இடம் பெற்றவர்களின் கவனமும் வேலைத்திறனும் மேம்பட்டன.

இந்தப் பகலுறக்கத்திற்கு நம்மிடம் 'கைலூலா' என்று பெயருண்டு. ஸஹாபாக்கள் ஜும்ஆவுக்குப் பின் கைலூலா செய்ததை ஹதீஸ்களில் காண்கிறோம். நாமோ அதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட்டோம்! இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபியவர்கள் வெறுத்ததையும் மறந்து, செல்போனுடன் நள்ளிரவைக் கழிக்கிறோம்.

நள்ளிரவில் பெற்றோர் வேலைக்குப் புறப்படும் வீட்டுப் பிள்ளைகள், வரும் மாதம் முதல் ஸுப்ஹுக்குப் பதிலாக அஸ்ருக்குப் பின் ஓத வரலாம். நாம் முன்பு கடிந்துகொண்ட மாணவன் ஏற்கெனவே அவ்வேளையில்தான் ஓதி வருகிறான், இப்போது திணறுவதில்லை. லுஹருக்குப் பின் ஓட்டுநர்களும் தோட்டத் தொழிலாளர்களும் படுத்து எழப் பள்ளியின் பின்புற அறையைத் திறந்துவைக்க நிர்வாகம் இசைந்துள்ளது. பாய்கள் உள்ளன. நம் ஊர்க் குளிருக்குக் கம்பளிகள்தாம் போதவில்லை. வீட்டில் மிகுதியாக வைத்திருப்போர் மோதினாரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.