தலையெழுத்தா? தந்திரமா?

(கேளம்பாக்கத்தில் தொழிற்பயிற்சி மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



செல்போன் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாம் விளையாட்டுக்கு விரோதிகள் அல்லர். உழைக்கிறவனுக்கு ஓய்வும் வேண்டும், களிப்பும் வேண்டும். பணக்காரன் பிள்ளை ஆடினால் பொழுதுபோக்கு, தொழிலாளி பிள்ளை ஆடினால் உதவாக்கரை என்று பேச எவருக்கும் யோக்கியதை இல்லை. நம்முடைய கேள்வியெல்லாம், நீ விளையாட்டை ஆடுகிறாயா, விளையாட்டு உன்னை ஆட்டுகிறதா என்பதேயாகும்.

இதற்கு அளவுகோல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் அமலுக்கு வந்த நோய்ப் பட்டியலில் மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமை ஒன்று. மற்றெல்லாக் காரியங்களைவிட ஆட்டமே பெரிதாவது இரண்டு. கேடு கண்ட பின்னும் நிறுத்தாமை மூன்று. இவை பொதுவாக 12 மாதம் நீடித்து, படிப்பையும் குடும்ப வாழ்வையும் கெடுத்தால்தான் வியாதி. ஆதலால் ஆடுகிறவரெல்லாம் நோயாளிகள் அல்லர்.

ஆனால் நம் பெற்றோர்கள் என்ன செய்கிறார்கள்? ஒன்று அடிக்கிறார்கள்; இல்லாவிட்டால் சனி பிடித்தது, தலையெழுத்து என்று தாயத்துக் கட்டுகிறார்கள். தாயத்துக்குத் தெரியுமா ஆட்டத்தின் சூட்சுமம்? அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்தார். கொத்தினால் எப்போது தீனி வரும் என்று தெரியாதபடி வைத்தபோது, புறா ஓயாமல் கொத்திக்கொண்டேயிருந்தது. என்ன கிடைக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியை ஆட்டத்தில் வைப்பதும் இதே தந்திரந்தான். இதில் விதி எங்கே வந்தது?

சர்க்கார்தான் சட்டம் போட்டுவிட்டதே என்பீர்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத்தான் தடை. தூக்கத்தைக் கட்டி ஆடும் ஆட்டத்துக்கு எந்தச் சட்டம்? 2023 மே மாதம் பிஜிஎம்ஐ என்னும் துப்பாக்கி ஆட்டம் திரும்பி வந்தபோது, 18 வயதுக்குட்பட்டவருக்கு நாளுக்கு 3 மணி, மற்றவருக்கு 6 மணி என்று வரம்பு வைத்தார்கள். கணக்குப் பாருங்கள். பயிற்சிக்கு 8 மணி, சாப்பாடு, குளியல், பஸ் பிரயாணத்துக்கு 4 மணி, ஆட்டத்துக்கு 6 மணி போனால் தூங்குவதற்கு மீதி 6 மணிதான். வளரும் பிள்ளைக்கோ 8 மணிக்குக் குறையாத தூக்கம் வேண்டும். லேத் முன் நிற்பவன் ஒரு கணம் கண்ணயர்ந்தால் போவது மார்க்கு அல்ல, விரல்! பிட்டருக்கும் டர்னருக்கும் வெல்டருக்கும் கண்ணும் கையுமே சொத்து.

ஆகவே, வாலிபர்களே, படுக்கும் இடத்தில் செல்போனை வைக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டையும் காலைச் சாப்பாட்டையும் ஆட்டத்துக்காகத் தள்ளாதீர்கள். 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். மைதானத்துக்குப் போய்ப் பந்தை உதையுங்கள். பெற்றோர்களே, தடியை வைத்துவிட்டுப் பையனுடன் பேசுங்கள். ஆட்டத்துக்குள் எதை மறக்க ஓடுகிறான் என்று கேளுங்கள். மீறிப்போனால் வைத்தியரிடம் போவதில் வெட்கம் என்ன? பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் 2014லேயே இதற்கென்று தனிப் பிரிவு திறந்தார்கள். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் மூலம் இலவசமாக யோசனை கேட்கலாம்.

தொழில் கற்ற கை பிறர் தயவை எதிர்பாராத கை. அந்தக் கையை ஒரு கம்பெனியின் லாபத்துக்கு அடமானம் வைக்கலாமா என்று நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.